சூசன்னா கதவைத் திறந்தாளா

லண்டனுக்குப் போகிறவர்கள் அரண்மனை பார்ப்பார்கள், பெரிய கடிகாரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், அல்லது மகளுக்குப் பிரசவம் பார்ப்பார்கள். நான் ஒரு தாள் பார்க்கப் போனேன். முன்னும் பின்னுமாக இரண்டே பக்கம். வந்த நோக்கம் என்ன என்று விமான நிலைய அதிகாரி கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் என் நரைத்த தலையையும் பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். இந்த அம்மாளால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

நான் திருநெல்வேலியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்களுக்குக் காசிக்குப் போவது, மாடியில் கத்தரிக்காய் போடுவது என்று எத்தனையோ நல்ல வழிகள் இருக்கின்றன. நான் நாவல் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் நாவல் என்ற சரக்கே புதிதாகக் கடைக்கு வந்துகொண்டிருந்த காலத்து நாவல் அது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் இருக்கிறது. நல்ல குடும்பத்துப் பெண் புத்தகத்தில் பேர் போட்டால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று அப்போது நினைத்தார்கள். பின்னால் வந்த ஆண்கள் அதே சரக்கை எழுதி, நாவலின் தந்தை என்று பட்டமும் வாங்கிக்கொண்டார்கள். தாய் யார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

கதாநாயகி பெயர் சூசன்னா. முதல் பாகத்தில் அவள் அம்மா சாகிறாள். இரண்டாம் பாகத்தில் சூசன்னா தையல் வேலை செய்து தனியாக ஒரு வீடு பிடிக்கிறாள். மூன்றாம் பாகம் முழுக்க ஒரு தளபதி அவளைக் கட்டிக்கொள்ள நச்சரிக்கிறான். அவள் மாட்டேன், மாட்டேன் என்கிறாள். இணையத்தில் கிடைத்த நகலில் கதை முடியும் இடம் இது: வெளியே மழை. தளபதி கதவைத் தட்டுகிறான். சூசன்னா எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். பக்கத்தின் அடியில், வலது மூலையில், தனியாக ஒரே ஒரு சொல் நிற்கிறது: 'ஆனால்'.

எனக்கு மெய் சிலிர்த்துப்போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளாமல் அறுபதை நெருங்கிவிட்ட எனக்கு, அந்தக் காலத்திலேயே என் கட்சிக்கு ஒரு ஆள் இருந்திருக்கிறாள் என்றால் சும்மாவா? கதவைத் திறக்காமலே கதையை முடித்த முதல் பெண் என்று முன்னுரை எழுதினேன். அந்த 'ஆனால்' பற்றி மட்டும் இரண்டு பக்கம். அதைப் படித்துவிட்டு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஐந்து பக்க அணிந்துரை கொடுத்தார். முன்னுரையை மட்டுமே படித்துவிட்டுக் கொடுத்தார் என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. சூசன்னாவைச் செவிலி என்று எழுதியிருந்தார். இதெல்லாம் நம் ஊர் வழக்கம் என்று நானும் விட்டுவிட்டேன்.

குட்டை உடைத்தது பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் பெண். மூலத்தை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்திருக்கிறாள். "மேடம், எல்லாப் பக்கத்துலயும் அடியில ஒரு வார்த்தை தனியா இருக்கு. அதே வார்த்தைலதான் அடுத்த பக்கம் ஆரம்பிக்குது. அப்ப இந்த 'ஆனால்'?" என்று கேட்டாள். பழைய அச்சகங்களில் தாள் முறை மாறிவிடாமல் இருக்க அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை இப்படி அடியில் போட்டு வைப்பார்கள். முப்பது வருடம் இலக்கியம் நடத்திய நான், அச்சுக்கோப்பவனின் அடையாளத்தைத் தத்துவம் என்று நினைத்து மொழிபெயர்த்திருக்கிறேன். கடைசித் தாள் நகலில் இல்லை, அவ்வளவுதான்.

"யார் மேடம் லண்டன் போய் ஒப்பிட்டுப் பார்க்கப் போறா?" என்றார் பதிப்பாளர். "நான்" என்றேன். எல்லாம் வாய்க்கொழுப்பு. அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள் என்று அவர் கெடு வைத்தார். சூசன்னா கதவைத் திறந்திருந்தால் என் முன்னுரை பொய், அணிந்துரை பொய், நாலு வருடமாக நான் மேடை மேடையாகப் பேசியதும் பொய்.

திங்கட்கிழமை தெற்கு லண்டனிலுள்ள டூட்டிங் வந்து சேர்ந்தேன். இலங்கையிலிருந்து தப்பி வந்து, திருச்சியில் என் முதல் வேலையில் என்னிடம் படித்த ரெஜினாவின் அக்கா ஜெசிந்தா இங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். கடைக்கு மேலே வீடு. மன்னார்க்காரி, கட்டிக் கொடுத்தது பாரிஸுக்கு, இப்போது தனியாக லண்டனில். கடைக் கண்ணாடியில் மணப்பெண் ரவிக்கை ஒன்றும், ஜிப் மாற்றித் தரப்படும் என்ற அட்டை ஒன்றும், மாதா படம் ஒன்றும் இருக்கின்றன. குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். முதலில் எனக்குப் பாதிதான் புரிந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சொதியும். எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து. பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், காய்கறி என்று ஒரு ஆர்ப்பாட்டம். இங்கே அதை ரசம் மாதிரி நீர்க்க வைத்து, தினமும் காலையில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். "எங்க ஊர்ல இதுக்கு ஒரு கல்யாணமே நடக்கணும்" என்றேன். "ஐயோ, அப்ப பசிச்சால் என்ன செய்யிறனீங்கள், ரீச்சர்?" என்று கேட்டாள் ஜெசிந்தா. கேள்வி நியாயமானதுதான்.

அன்று மாலை அவள் ஒரு பையனின் பள்ளிக்கூடக் கால்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது, வந்த காரியம் என்ன என்று கேட்டாள். முதல் பாகத்தைச் சொன்னேன். அந்தக் காலத்தில் நாவலை மூன்று பாகமாகப் பிரித்து, வாடகை நூல்நிலையத்தில் ஒவ்வொரு பாகமாகத்தான் இரவல் தருவார்களாம். அப்படியே ஆயிற்று எங்கள் கணக்கும். ஜெசிந்தா சும்மா கேட்கிற ரகம் இல்லை. என்ன நோய், எந்த மாதம், என்ன துணி, கையால் தைத்ததா என்று குறுக்கு விசாரணை செய்தாள். என் வகுப்பில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் நான் முன்னதாகவே ஓய்வு பெற்றிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை, அந்தப் புத்தகம் முழுசாக இருக்கும் நூலகத்துக்குக் கிளம்பினேன். நோதர்ன் லைன் என்ற பாதாள ரயில் டூட்டிங்கிலிருந்து நேரே போகிறது. தூங்கினால்தான் தவறவிட முடியும் என்று ஜெசிந்தா சொல்லி அனுப்பினாள். நான் தூங்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். எதிர் சீட்டில் இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "அவன் அனுப்பினதைப் படித்தேன். முழுக்க இல்லை. கோபப்படத் தேவையான அளவு." நம் ஊர் விமர்சகர்கள் நினைவுக்கு வந்தார்கள். அந்த யோசனையில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஆர்ச்வே வரைக்கும் போய்விட்டேன்.

வந்ததுதான் வந்தோம் என்று மேடேறி ஹைகேட் முருகனைக் கும்பிட்டேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் நூலகத்துக்கு வழி கேட்டேன். "லைப்ரரிக்குப் போறதெண்டால் ஏன் மலை ஏறினனீங்கள்?" என்றார். முருகன் கூப்பிட்டுவிட்டார் என்றேன். "ஓம், ரயிலிலை நித்திரை கொள்ளுற எல்லாரையும் அவர் கூப்பிடுறவர்" என்று சொல்லி, வந்த வழியே திருப்பி அனுப்பினார்.

நூலகத்தில் பேனா கூடாது, பை கூடாது, கோட்டு கூடாது, தண்ணீர் கூடாது. பென்சிலும் மனிதரும் மட்டும் போகலாம். வாசகர் அட்டை கொடுத்த தாடிக்காரப் பையன் அத்தனை பணிவு. "மிகவும் வருந்துகிறேன், நீங்கள் கேட்ட மூன்றாம் பாகம் இந்தக் கட்டடத்தில் இல்லை. வடக்கே கிடங்கில் இருக்கிறது. வியாழக்கிழமை வந்துவிடும்" என்றான். நான் திருநெல்வேலியிலிருந்தே வந்துவிட்டேன், அதற்கு இங்கிருக்கிற வடக்கிலிருந்து வர இரண்டு நாளா என்று கேட்டேன். "அதற்கு உங்களை விட வயது அதிகம், அம்மா" என்றான். நம் ஊரில் இல்லை என்று சொல்ல ஒரு தலையாட்டல் போதும். இங்கே மூன்று மன்னிப்பும் ஒரு புன்னகையும் தேவைப்படுகின்றன. கையில் கிடைப்பது என்னவோ ஒன்றுதான்.

புதன்கிழமை சும்மா இருப்பானேன் என்று, புத்தகம் முதலில் விற்பனைக்கு வந்த இடத்தைத் தேடிப் போனேன். பெரிய தேவாலயத்துக்குப் பின்னால் புத்தகக் கடைகளாக இருந்த சந்து அது. இப்போது அங்கே பச்சைக் கீரையை டப்பாவில் போட்டு விற்கிறார்கள். மதியம் கோட்டும் சூட்டுமாக வந்தவர்கள் அதை நின்றுகொண்டே மென்றார்கள். எங்கள் ஊரில் மாட்டுக்கு உட்கார்ந்து அசைபோடும் மரியாதையாவது உண்டு. பக்கத்துச் சுவரில் வட்டமாக ஒரு பலகை தெரிந்தது. ஆவலாக ஓடினேன். யாரோ ஒரு கனவான் கொஞ்ச காலம் அங்கே தங்கியிருந்தாராம். தங்கினதற்கே பலகை. ஒரு பெண் தன் கையெழுத்துப் பிரதியைச் சுமந்துகொண்டு அந்தச் சந்துக்குள் வந்திருப்பாள், கடைக்காரன் பேரம் பேசியிருப்பான், நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று பாதிரியார் பிரசங்கம் செய்த அதே வாரத்தில் ஊரே வாங்கிப் படித்திருக்கும். அதற்குப் பலகை கிடையாது. பேர் தெரிந்தால்தானே போட முடியும்.

அன்று மாலை மூன்றாம் பாகத்தைச் சொல்லி, தாழ்ப்பாளில் நிறுத்தினேன். ஜெசிந்தா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "கடைசியிலை திறந்தவளோ இல்லையோ?" என்றாள். நாளைக்குத் தெரியும் என்றேன். "திறந்திருக்க மாட்டாள், ரீச்சர்" என்று சொல்லிவிட்டு மறுபடி இயந்திரத்தை மிதித்தாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பயமாக இருந்தது என்று சொல்வதில் என்ன வெட்கம்?

வியாழக்கிழமை புத்தகம் வந்தது. அதைச் சாய்த்து வைக்க ஒரு தலையணை. நான் தங்கிப் படித்த விடுதியில் எனக்கே அப்படி ஒன்று கொடுத்ததில்லை. கைகழுவிவிட்டு வந்து, கடைசிக்கு முந்தின பக்கத்தைத் தேடி எடுத்தேன். மழை, தளபதி, தாழ்ப்பாள், மூலையில் 'ஆனால்'. எதிர்த்தாளுக்குக் கண்ணை நகர்த்தினேன். இருந்தது.

'ஆனால் அவள் கதவைத் திறந்தாள். அடுத்த ஞாயிறன்று தளபதியை மணந்தாள். அவளுடைய அன்னை சாம்பல்நிறப் பட்டு உடுத்தி, மகள் தைத்த லேஸ் கழுத்துப்பட்டையுடன் தேவாலயத்தின் முதல் வரிசையில் வீற்றிருந்து மணமக்களை ஆசீர்வதித்தாள். அதன்பின் எல்லாரும் இன்புற்று வாழ்ந்தனர். முற்றும்.' அவ்வளவுதான். தாளின் பின்பக்கத்தில் பல்பொடி விளம்பரம்.

ஒரு பாகம் முழுக்க மாட்டேன் என்றவள் நாலு வரியில் கழுத்தை நீட்டிவிட்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தாளில் விழுந்தால் வெளியே தூக்கிப் போடுவார்கள் என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் அந்த அம்மா உறைத்தாள். முதல் பாகத்தில் செத்த அம்மா கல்யாணத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்து மேசை அம்மாள் திரும்பி முறைத்தாள். கல்யாணம் இல்லாமல் புத்தகம் விற்காது என்று நினைத்த கடைக்காரன், முதல் பாகத்தையே படிக்காத எவனையோ கூலிக்குப் பிடித்து முடிவு எழுதி வாங்கியிருக்கிறான். எங்கள் அணிந்துரைக்காரருக்கு மூதாதை இங்கேயே இருந்திருக்கிறார் என்று ஒரு அற்ப சந்தோஷத்தோடு, எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

வாசலில் நின்று பதிப்பாளருக்குப் போன் போட்டேன். அவருக்கு ஒரு கவலையும் இல்லை. "ரெண்டு வழி இருக்கு மேடம். அந்தத் தாளை நீங்க பார்க்கவே இல்லைன்னு விட்டுடலாம். இல்ல, அம்மாவை அத்தைன்னு மாத்திக் கல்யாணத்தை நடத்திடலாம். அணிந்துரைல ரெண்டு வரி நானே தட்டிடுவேன்" என்றார். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எவனோ கூலிக்கு எழுதிய பக்கத்தை நான் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்? 'போலி முடிவு, ஆகவே நீக்கப்பட்டது' என்று ஓர் அடிக்குறிப்பு போட்டால் என் முன்னுரையும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். ரயில் டூட்டிங் வருவதற்குள் அடிக்குறிப்பை மனதில் எழுதியே முடித்துவிட்டேன்.

கடைக்குள் நுழைந்ததும் ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "திறந்துட்டா" என்றேன். அவள் முகம் தொங்கிப்போயிற்று. பென்சிலில் எழுதியதை அவளுக்குத் தமிழில் வாசித்தேன். அம்மா வருகிற இடத்தில் நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

"உடுப்பு என்னெண்டு சொன்னனீங்கள்?"

"சாம்பல்நிறப் பட்டு. மகள் தைச்ச லேஸ்."

"உது அவவை உடுத்திப் புதைச்ச உடுப்பெல்லோ. திங்கக்கிழமை சொன்னனீங்கள். பெட்டியை மூடமுந்தி லேஸைத் தைச்சு முடிக்கிறதுக்கு அந்தப் பிள்ளை முழிச்சிருந்தது."

மடிக்கணினியைத் திறந்து என் மொழிபெயர்ப்பைத் தேடினேன். இருந்தது; என் கையால் நானே எழுதியது. ஜெசிந்தா குண்டூசிகளை உதட்டிலிருந்து எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். "புத்தகத்தை வாசிக்காதவனுக்கு அந்த உடுப்பு என்னண்டு தெரியும், ரீச்சர்?"

கூலிக்காரன் இல்லை. அந்தப் பெண்மணியேதான் எழுதியிருக்கிறாள். கல்யாணம் வேண்டும் என்று கடைக்காரன் பிடிவாதம் பிடித்திருப்பான்; சரி, இந்தா என்று கொடுத்திருக்கிறாள். அவன் அந்த நாலு வரியை மட்டும் படித்துவிட்டுத் திருப்தியாக அச்சுக்கு அனுப்பியிருப்பான். பிணத்தை முதல் வரிசையில் உட்கார வைத்து நடந்த கல்யாணம் கல்யாணமே இல்லை என்று, முதல் பாகத்தைப் படித்தவர்களுக்கு மட்டும் தெரியும்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். நாலு வருடம் அவளோடு குடித்தனம் நடத்திய எனக்கு அது தெரியவில்லை.

"உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்று கேட்டேன்.

"நானும் அப்பிடி எழுதினனான்" என்றாள். "பாரிஸிலை என்ரை மனுசன் நான் எழுதிற கடிதமெல்லாம் வாசிச்சிட்டுத்தான் உறையை ஒட்டுவார். அடிக்கிறார், பூட்டி வைக்கிறார் எண்டு எழுதேலுமோ? நான் எழுதினன்: அம்மா, நான் இஞ்சை ராணி மாதிரி இருக்கிறன், பெரியம்மாவைக் கேளுங்கோ, என்ரை சந்தோசம் அவவுக்குத்தான் தெரியும் எண்டு. பெரியம்மா செத்து அப்ப ஒரு வருசம். அந்தாளுக்கு என்ரை பெரியம்மாவை எங்கை தெரியும்?"

"அம்மாவுக்குப் புரிஞ்சுதா?"

"ரெஜினாவுக்கு விளங்கிட்டுது. திருச்சியிலிருந்து பதில் வந்தது: பெரியம்மாவுக்குக் கடும் வருத்தம், இனித் தப்பமாட்டா, உன்னை ஒருக்கால் பாக்கோணுமாம், மருமோன் தயவுசெய்து அனுப்பி வைக்கட்டாம். சாவீடெண்டால் மறுக்கேலாதுதானே. அனுப்பினார். நான் திரும்பிப் போகேல்லை." ஒரு நூலை எடுத்து ஊசியில் கோத்தாள். "செத்தவவை இன்னொருக்கால் சாகக் குடுத்துத்தான் என்னை எடுத்தவை."

ரெஜினா அப்போது கொடுத்த விடுப்புக் கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். 'பெரியம்மா காலமாகிவிட்டார், ஒரு வாரம் விடுப்புத் தேவை.' போன வருடமும் அதே பெரியம்மா, அதே கடிதம். நாற்பது பிள்ளைகள் முன்னால் ரெஜினாவை நிற்க வைத்து, "உங்க பெரியம்மா எத்தனை தடவைம்மா சாவாங்க?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதைக்குள் ஒளிந்திருப்பதைப் படிப்பது எப்படி என்றுதான் அன்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தாவிடம் அதைச் சொன்னேன். அவள் தலை நிமிராமலே, "தெரியும் ரீச்சர், ரெஜினா சொன்னவள்" என்றாள். "ஆனால் சிரிச்சிட்டுக் கையெழுத்தும் வைச்சனீங்களாம். அந்தக் கிழமைதான் அவள் எயார்போட்டுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனவள்." பிறகு எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனாள்.

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். என் முன்னுரையை எடுத்துவிடுங்கள், அணிந்துரையையும் எடுத்துவிடுங்கள், அவற்றுக்குப் பதில் கடைசித் தாளின் மொழிபெயர்ப்பு மட்டும் வருகிறது என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

"சரி மேடம். அம்மாவை அத்தைன்னு மாத்திட்டேன்னு வச்சுக்கலாமா?"

"மாத்தாதீங்க. அம்மாவும் இருக்கட்டும், அந்தப் பட்டும் இருக்கட்டும்."

"ஒரு அடிக்குறிப்பாவது போடுங்க. செத்த அம்மா எப்படி வந்தாங்கன்னு யாராவது எழுதிக் கேப்பாங்க மேடம்."

"கேக்கட்டும்" என்றேன். "கேக்கறவங்க புத்தகத்தைப் படிச்சவங்க."